மூன்று மணிக் கஞ்சி

முதல் வார்த்தையைப் பற்றிப் பேச வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் மன்னிப்பு மன்னிப்பு என்று அரை மணி நேரம் உருகினார். தன்னை ராமநாதபுரத்துக்குத் தூக்கியடித்த கல்வி அதிகாரியை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கும்படி முடித்துவிட்டு அவர் இறங்கினபோதே ஹெப்சிபாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஆறு வார்த்தை இருக்கிறது. பெரிய வெள்ளிக்கிழமை என்றால் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கோயிலுக்குள் உட்கார வேண்டும், சிலுவையில் அவர் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஏழு பேர் பேசுவார்கள், சுருக்கமாகப் பேசுங்கள் என்று போதகரான ஐயர் கேட்டுக்கொள்வார், ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அது வருஷா வருஷம் நடக்கிறதுதான். விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே பெண்கள் பக்கம், இதே தூணுக்குப் பக்கத்து பெஞ்சு, வெள்ளைச் சேலையில் அம்மா. முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் கஞ்சி. உபவாசம் இருந்தவர்களுக்கு முதல் டம்ளரை அவரவர் வீட்டு ஆள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், கொடுத்தவர் கண்முன்னே குடிக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேர் உபவாசம் என்றால் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் குடித்த பிறகுதான் அடுத்தவர் குடிக்கலாம். யார் ஏற்படுத்தினார்களோ, இந்தச் சபையில் அப்படி ஒரு பழக்கம். சின்ன வயதில் அது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கு அந்தக் கஞ்சியை நினைக்கவே பிடிக்கவில்லை, ஏனென்றால் அவள் உபவாசம் மூன்று மணியோடு முடிகிற உபவாசம் இல்லை, அது சூரியன் மறைகிற ஆறரைக்கு முடிகிற நோன்பு, அதை இந்தக் கோயிலில் யாருக்கும் சொல்ல முடியாது, எல்லோரையும்விட பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஞானரத்தினம் கண்ணை மூடி இருந்தாள். மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது. மின்விசிறி தலைக்கு மேலேதான் சுற்றுகிறது, பிறகு எதற்கு வேர்வை? சர்க்கரை இறங்கினால் அப்படித்தான் வேர்க்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஐந்து வருஷமாக அம்மாவுக்கு உபவாசமே கிடையாது, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவியாக இருந்தும் காலையில் இரண்டு இட்லி தின்று மாத்திரை போட்டுக்கொண்டுதான் பெரிய வெள்ளிக்கு வருவாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கம்கூட உண்டு. இந்த வருஷம் அடுப்பே பற்றவைக்கவில்லை. நீ பச்சைத் தண்ணி குடிக்காம இருக்கும்போது நான் என்னத்தத் திங்க என்று சொல்லிவிட்டாள். நேற்று வியாழக்கிழமை ஆராதனை முடிந்து அன்னப்பழம் சித்தி வீட்டில் காப்பி கொடுத்தபோது ஹெப்சிபா வேண்டாம் என்று சொன்னாளே தவிர காரணம் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி காப்பிக்கும் நோன்புக்கும் சம்பந்தமே கிடையாது, அவளுக்குக் குடிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு அவ உபவாசம்லா என்று அம்மாதான் முந்திக்கொண்டு சொன்னாள். ஹெப்சிபா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தால் பொய் ஆகாது என்று யாரோ ஒரு சோம்பேறி கண்டுபிடித்திருக்க வேண்டும். இன்று காலை வாசலில் சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலத்துல எந்தப் பிள்ள இப்படி இருக்கு என்று கண்கலங்கினாள், அந்தக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும்போல் இருந்தது.

இரண்டாம் வார்த்தை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக பாங்கு வந்தது. பஜாரின் இந்தக் கோடியில் கோயில், அந்தக் கோடியில் பள்ளிவாசல், இரண்டுக்கும் நடுவில் மளிகைக் கடைகளும் ஒரு பஸ் ஸ்டாண்டும்தான். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை. பேசிக்கொண்டிருந்தவர் குரலை உயர்த்தினார். அப்போதுதான் அது நடந்தது: ஹெப்சிபாவின் கை தன் பாட்டுக்குத் தலைக்குப் போயிற்று, முக்காட்டை இழுத்துவிட. ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிற ஜுலைகா அக்கா பாங்கு கேட்டதும் அப்படித்தான் செய்வார், யாரிடம் என்ன பேசிக்கொண்டிருந்தாலும், ஒரு கையால் ரிஜிஸ்டரில் பேர் எழுதிக்கொண்டே மறு கை தலைக்குப் போய்விடும். ஆனால் கோயிலில் எல்லாப் பெண்களும் ஏற்கெனவே தலையை மூடித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் கை போய்த் தேடினபோது சேலைத் தலைப்பு அங்கேயே இருந்தது. திருட வந்தவன் திறந்த கதவைக் கண்டு விழிக்கிற மாதிரி கை அங்கேயே நின்றது, பிறகு சும்மா முடியை ஒதுக்குகிற சாக்கில் கீழே வந்தது. அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாளோ? பார்த்தமாதிரி இருந்தது. பார்த்தால்தான் என்ன, தலைப்பைச் சரிசெய்கிறாள் என்று நினைத்திருப்பாள். அப்படி நினைத்திருப்பாள் என்கிற நிம்மதிதான் மனசை அறுத்தது.

ஒரு ஆம்பளை இருந்திருந்தால்கூட இவர்களுக்கு விளங்கும். அழுவார்கள், திட்டுவார்கள், மயக்கிட்டான் என்பார்கள், அப்புறம் காலம் போகப் போக, சரி அவ தலைவிதி என்று விட்டுவிடுவார்கள். முப்பத்து நாலு வயதுக்காரி, கல்யாணம் ஆகாதவள், கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிற வேலை, யாரும் மயக்காமல், யாரும் கூப்பிடாமல் தானாக யோசித்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் போகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? அவளுக்கே நம்பிக்கை இல்லை. ஜுலைகா அக்கா கூப்பிட்டதே இல்லை. பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற ஐம்பது வயது மனுஷி, பேரனைப் பார்த்துக்கொள்ளவே நேரம் சரியாக இருக்கிறது, யாரையும் எங்கேயும் கூப்பிட அவருக்கு நேரம் ஏது. ஆணியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. ஏழு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் டீச்சர் ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு ஆணி கொடுத்தாள். இதை நீதான் அவர் கையில் அடித்தாய், உன் பாவம் அடித்தது என்று சொல்லச் சொன்னாள். மற்ற பிள்ளைகள் வெளியே வந்ததும் ஆணியை வைத்து மண்ணில் கோடு போட்டு விளையாடின. ஹெப்சிபாவுக்கு ராத்திரி காய்ச்சல் வந்துவிட்டது. தான் என்ன செய்தோம் என்று யோசித்து யோசித்து, அம்மாவிடம் சொல்லாமல் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்ற சீனியைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. சீனி தின்றதற்கு ஒருத்தர் சாக வேண்டுமா? அப்பா அந்த ஆணியைப் பார்த்துவிட்டு, பத்திரமா வச்சுக்கோ பிள்ள என்றார். பிறகு ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது, காலேஜ் ஹாஸ்டலுக்கும் வந்தது, இப்போதும் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிரிப்புக் கதையாக அதைச் சொன்னபோது ஜுலைகா அக்கா சிரிக்கவில்லை. "ஏழு வயசுப் பிள்ள கையில எதுக்கும்மா அதக் குடுத்தாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இருபத்தேழு வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கழிவறையில் போய் நின்று அழுதாள்.

அதற்குப் பிறகு வாசித்தாள், கேட்டாள், ஜுலைகா அக்கா தொழுகிற சின்ன அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கிற சாக்கில் பார்த்தாள். நெற்றி தரையில் படுகிறதைப் பார்க்கும்போது தன் கழுத்திலிருந்து ஏதோ இறங்கினமாதிரி இருந்தது. உனக்காக யாரும் சாகவில்லை, உன் சுமை உன்னோடது, நடுவில் ஆள் கிடையாது. இதில் என்ன ஆறுதல் என்று வேறு யாராவது கேட்டால் அவளால் சொல்ல முடியாது, ஆனால் ஆறுதலாக இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, இல்ல இதுவா என்று கேட்கும்போது கிழவர்கள் தடுமாறுவார்களே, முந்தினதே தேவல போல இருக்கும்மா என்று, அந்தத் தடுமாற்றமும் கூடவே இருந்தது. குற்ற உணர்ச்சி வேண்டாம் என்றுதான் கிளம்பினாள். வழித்துணைக்கு வந்ததும் அதேதான், முன்னைவிடக் கொழுத்துப்போய். நோன்பு வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது ஜுலைகா அக்கா, நீ இன்னும் கலிமா சொல்லி மார்க்கத்துல சேரல, உனக்கு அது கடமையும் இல்ல என்றார். இன்னொன்றும் சொன்னார். "உங்கம்மாட்ட மொதல்ல சொல்லு. மறைச்சிட்டு வராத ஹெப்சி. பெத்தவள அழவச்சிட்டு நீ எங்க போய் நிம்மதியா நிப்ப?" சொல்கிறேன் என்று தலையாட்டினாள். லெந்து தபசு நாட்களும் ரமலான் நோன்பும் இந்த வருஷம் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்தன, ஈஸ்டர் கழியட்டும், அம்மாவுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை முடியட்டும், வெயில் தணியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனாள்.

மூன்றாம் வார்த்தைக்கு ஐயரே பேசினார். அது அம்மாவைப் பற்றினது. உயிர் போகிற நேரத்தில் அவர் தன் தாயை இன்னொருவர் கையில் ஒப்படைத்த வார்த்தை. எத்தனை தடவை கேட்டிருக்கிறாள், ஒரு தடவையாவது இப்படிக் குத்தியதா? நான் யாரிடம் ஒப்படைப்பது என்று நினைத்தாள். அப்பாவும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. இவள் பெயரைச் சபையிலிருந்து எடுப்பார்கள், அது போகட்டும். அம்மாவைச் சங்கத் தலைவியாக வைத்துக்கொள்வார்களா? ஒருத்தரும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள், உங்களுக்கும் வயசாயிட்டு, கொஞ்சம் ஓய்வெடுங்களேன் என்பார்கள். அம்மா சரி என்று சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு வந்து கட்டிலில் உட்காருவாள். கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு இடம் விட்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் புல் பிடுங்கி வெள்ளையடித்து மெழுகுவர்த்தி வைக்கிறது ஹெப்சிபாதான். பிறகு யார் வைப்பார்கள்? அவள்தான் வைப்பாள், வைக்கக் கூடாதென்று யார் தடுக்க முடியும்? ஆனாலும் மற்றவர்கள் எல்லாம் குடும்பம் குடும்பமாக நிற்கும்போது தான் கேட்டுக்கு வெளியே நின்று கூட்டம் கலையட்டும் என்று காத்திருக்கிறமாதிரி ஒரு காட்சி வந்தது. அது வந்ததும் விடாமல் பிடித்துக்கொண்டது. அம்மா செத்துப்போன மாதிரியே நினைக்கிறோமே, அவள் இங்கே பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு இருக்கிறாளே என்று திக்கென்றது. திரும்பிப் பார்த்தாள். அம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

இந்த நோன்புதான் என்ன கணக்கு என்று அவளுக்கு விளங்கவே இல்லை. உபவாசம் என்றால் முந்தின ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் தொடக் கூடாது, அவளோ விடியுமுன்னே எழுந்து, லைட்டைப் போடாமல், தன் அறை மூலையில் நின்றபடி ரொட்டியும் பழமும் தின்று தண்ணீர் குடித்திருக்கிறாள். ஆகவே கோயில் கணக்கில் இது திருட்டு உபவாசம். கலிமா சொல்லாததால் பள்ளிவாசல் கணக்கிலும் சேராது. இரண்டு வீட்டிலும் பந்திக்கு உட்காராமல் இரண்டு வீட்டு இலையையும் வீணாக்கின மாதிரி. சாப்பாடு என்றதும் டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது, எதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாளோ அது. நோன்பு வைத்த நாளெல்லாம் அம்மா கட்டிக் கொடுக்கிற சோற்றை ஆஸ்பத்திரி ஆயாவிடம் கொடுத்துவிட்டு, காலி டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்தாள். குழம்பு எப்படி இருந்துச்சு என்று அம்மா கேட்பாள், நல்லா இருந்துச்சும்மா என்பாள். போன வாரம் ஆயா டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஒங்கம்மாவுக்கு வயசாயிட்டு போலக்கா, கத்திரிக்காக் குழம்புல உப்புங்கறதே இல்ல என்றாள். அன்றைக்கு முழுக்க ஹெப்சிபாவுக்கு வேலை ஓடவில்லை. அம்மா சமையலில் உப்பு மறக்கிறதா? முப்பது வருஷம் கோயில் அசனப் பண்டிகை விருந்துக்கு அண்டா அண்டாவாகக் கறிக்குழம்பு ருசி பார்த்துச் சொன்ன நாக்கு. மறதி இப்படித்தான் ஆரம்பிக்கும், முதலில் உப்பு, பிறகு சாவி, பிறகு பெற்ற பிள்ளை பெயர். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா வழக்கம்போலக் கேட்டாள், இவளும் வழக்கம்போல, நல்லா இருந்துச்சும்மா என்றாள், மனசு நோகக் கூடாதே என்று. அம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று உள்ளே போனாள். இந்த நிலைமையில் இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று அன்றைக்கும் தள்ளிப்போட்டாள்.

நாலாவது வார்த்தை, கைவிடப்பட்டதைப் பற்றினது, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. ஐந்தாவது வார்த்தைக்கு ஒரு டீச்சர் எழுந்து வந்து, தாகம் என்று ஆரம்பித்தாள். கோயிலே ஒரு தடவை எச்சில் விழுங்கியது. அவருக்குக் கடற்காளானில் தோய்த்துப் புளித்த காடியைக் கொடுத்தார்கள் என்று டீச்சர் சொல்லச் சொல்ல, ஹெப்சிபாவின் கண்முன்னே கஞ்சி டம்ளர் வந்து நின்றது. மேலே ஆடை படர்ந்து, ஓரத்தில் தேங்காய்த் துருவலோடு. குடிக்கப் போகிறோமா இல்லையா? குடிக்காவிட்டால் எல்லோரும் பார்ப்பார்கள், அம்மா ஏன் என்று கேட்பாள், வேப்பமரத்தடியில், பெரிய வெள்ளிக்கிழமையில், சித்தியும் ஐயரம்மாவும் பக்கத்தில் நிற்க, அங்கேயா சொல்வது? குடித்தால் கலைந்துபோகும். கடமையே இல்லாத நோன்பு கலைந்தால் என்ன என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் அவள் தன் வாயால் யாருக்கும் தெரியாமல் ஒரே ஒருத்தனுக்குச் சொல்லி வைத்த வாக்கு இது ஒன்றுதான், வேறு எல்லா வாக்கும் மற்றவர்கள் இவளுக்காகக் கொடுத்தது, ஞானஸ்நானம் உட்பட. வாங்கி வைத்துக்கொண்டு குடிக்கிற மாதிரி நடிக்கலாம், மரத்துக்குப் பின்னால் கொட்டலாம் என்றுகூட புத்தி போயிற்று. சீ என்று இருந்தது. ஆண்டவரே என்று வாய்க்குள் சொன்னாள், சொன்னதும் யாரைக் கூப்பிட்டோம் என்று தெரியாமல் விழித்தாள். பழகின பெயர்தானே முதலில் வரும். வந்ததில் ஒரு இனிப்பும் இருந்தது, அதையும் மறைக்க முடியவில்லை. முகம் தெரியாத அந்த இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்து, இவள் தவிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்?

ஆறும் ஏழும் முடிந்து, விளக்குகளை அணைத்து, எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். எழுந்திருக்கும்போது அம்மா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள், முகம் வெளுத்திருந்தது. ஹெப்சிபா அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். தோல் ஜில்லென்று ஈரமாக இருந்தது. வெயிலில் இறங்கி வேப்பமரத்துக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் அவளுக்கு ஒரு எண்ணமும் ஓடவில்லை, அம்மா விழுந்துவிடக் கூடாது என்பதைத் தவிர. பெண்கள் பானையிலிருந்து மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு டம்ளரை வாங்கி இவளிடம் நீட்டினாள், இவள் ஒன்றை வாங்கி அம்மா கையில் வைத்தாள். இரண்டு பேரும் டம்ளரைப் பிடித்தபடி நின்றார்கள். நீங்க குடிங்கம்மா என்றாள் ஹெப்சிபா. அம்மா தலையை ஆட்டினாள். கையில் கஞ்சி தளும்பி விரலில் வழிந்தது, அம்மா அதைத் துடைக்கக்கூட இல்லை, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாத வாக்கை உடைக்கிறேன், மன்னித்துவிடு என்று யாரையோ கேட்டுக்கொண்டு ஹெப்சிபா டம்ளரை வாயில் வைத்தாள். நிறுத்தாமல் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணில் நீர் கட்டியிருந்தது. அப்புறம்தான் அம்மா தன் டம்ளரை எடுத்தாள்.

பாதி குடித்ததும் அம்மா முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. சித்தி துவையல் கிண்ணத்தோடு அந்தப் பக்கம் போகிறவரை பொறுத்திருந்துவிட்டு, அம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கும்மா."

"நல்லா ருசி பாத்துச் சொல்லுட்டி. உப்பே போடாத குழம்ப நல்லாருக்குன்னு சொன்னவதான நீ."

ஹெப்சிபாவுக்கு மரம், வெயில், ஆட்கள் எல்லாம் ஒரு தடவை விலகிப் போய்த் திரும்பி வந்தமாதிரி இருந்தது. அம்மா மறக்கவில்லை. வேண்டுமென்றே போடவில்லை. வீட்டிலே கேட்டால் பொய் சொல்லுவாள் என்று தெரிந்து, உப்பை விட்டுக் கேட்டிருக்கிறாள். அப்படியென்றால் நேற்றுச் சித்தியிடம் உபவாசம் என்று சொன்னபோது தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாள், பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், விளையாட்டுக்குக்கூட பொய் சொல்லாத மனுஷி, இவளுக்காக. ஹெப்சிபா அம்மா என்றாள். அம்மா அவளைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துப் பேசினாள்.

"நீ ஆறரை வரைக்கும் இருப்பேன்னு நெனச்சேன். அதுவரைக்கும் நானும் இருந்து பாப்போம்னுதான் ஒண்ணும் திங்காம வந்தேன். என்னால முடியல."

"நீங்க எதுக்கும்மா…"

"ஒங்கப்பா இருந்திருந்தா இதப் பாத்தே செத்துருப்பாரு. நான் அவர மாதிரி இல்ல. நீ திரும்பி வரணும்னு ஜெபம் பண்ணிக்கிட்டேதான் இருப்பேன், அத நீ தடுக்கப்படாது." மிச்சக் கஞ்சியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். "நாளைக்கு விடியமுன்ன எந்திரிச்சா என்னயும் எழுப்பு. இருட்டுக்குள்ள ஒத்தையில நின்னு திங்காத."

சொல்லிவிட்டுக் கையை நீட்டி, மகள் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, கழுவுகிறவர்கள் பக்கம் மெதுவாக நடந்தாள்.